எழுபதில் விற்று முப்பதில் வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், விலை ஏறி இறங்கும் வேகத்தை அளக்கும் உந்தச் சுட்டிகளைப் பற்றிப் போகிற போக்கில் நான் எழுதிய இரண்டு வரிகளுக்குத் திருகோணமலையிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. பங்கை வாங்கும் நேரத்தையும் விற்கும் நேரத்தையும் ஒரு கோட்டைப் பார்த்துத் தீர்மானிக்க முடியுமா என்பதே அவற்றின் பொதுவான கேள்வி என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நிலையான வைப்பு வட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் ஒரு பகுதியைப் பங்குகளில் இட்டிருக்கிறேன். தரகு நிறுவனத்தின் செயலியில் விலை வரைபடத்துக்குக் கீழே ஆர்.எஸ்.ஐ. என்றொரு கோடு ஓடுகிறது. அது 30க்குக் கீழே இறங்கினால் வாங்குங்கள், 70க்கு மேலே ஏறினால் விற்றுவிடுங்கள் என்று மருமகன் சொல்லித் தந்தார். அவ்வாறே 28இல் ஒரு பங்கை வாங்கினேன். அது மேலும் இறங்கிக்கொண்டே போனது. 72இல் இன்னொன்றை விற்றேன். அது இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறது. கோட்டில் பிழையா, என்னில் பிழையா?
– ஓய்வுபெற்ற இலிகிதர், உப்புவெளி

பதில்: ஐயா, கோடு தன் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை மட்டும் மருமகன் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சார்பு வலிமைச் சுட்டி என்று தமிழில் சொல்லத்தக்க இந்த ஆர்.எஸ்.ஐ.யை அமெரிக்கரான வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்டார். இயந்திரப் பொறியியலாளராக இருந்த அவர், கணினி எல்லோர் மேசையிலும் இல்லாத அந்தக் காலத்தில், தாளும் பென்சிலும் கொண்டு அன்றாடம் போடக்கூடிய ஒரு கணக்காகவே, அதுவும் பண்டச் சந்தையை முதன்மையாக மனத்தில் வைத்து, இதை அமைத்தார். கடந்த 14 வர்த்தக நாட்களில் முடிவு விலை ஏறிய நாட்களின் ஏற்றங்களை ஒரு பக்கமும், இறங்கிய நாட்களின் இறக்கங்களை மறுபக்கமும் கூட்டிக்கொள்ள வேண்டும். 50 ரூபாவில் நின்ற ஒரு பங்கு இந்த 14 நாட்களில் மொத்தமாக 7 ரூபா ஏறி, மொத்தமாக 2 ரூபா 80 சதம் இறங்கியிருந்தால், இப்போது 54 ரூபா 20 சதத்தில் நிற்கும். மொத்த அசைவு 9 ரூபா 80 சதம். அதில் ஏற்றம் 7 ரூபா. அதாவது நூற்றுக்கு 71.4. அந்த 71.4தான் ஆர்.எஸ்.ஐ. அடுத்த நாள் விலை 1 ரூபா 40 சதம் குறைந்து 52 ரூபா 80 சதத்துக்கு வந்துவிட்டால், வைல்டரின் முறைப்படி பழைய சராசரிகளை 13ஆல் பெருக்கி, புதிய நாளின் அசைவைச் சேர்த்து, 14ஆல் வகுப்பார்கள். நாளொன்றுக்கான ஏற்றச் சராசரி 50 சதத்திலிருந்து ஏறத்தாழ 46 சதத்துக்குக் குறைய, இறக்கச் சராசரி 20 சதத்திலிருந்து ஏறத்தாழ 29 சதத்துக்குக் கூட, சுட்டி 61.9இல் வந்து நிற்கும். ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் பங்கொன்றுக்கு இதைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். செயலியின் மீதிருக்கும் பயபக்தி பாதி குறைந்துவிடும்.

இந்தக் கணக்கில் நிறுவனத்தின் இலாபம் எங்கும் வரவில்லை, கடன் வரவில்லை, 54 ரூபா என்பது அந்தப் பங்குக்குக் கூடிய விலையா குறைந்த விலையா என்பதும் வரவில்லை. நீங்கள் வாங்கிய அன்று தெரிந்த 28 என்ற எண்ணின் பொருள், அண்மைய மூன்று வாரங்களை ஒட்டிய அசைவில் நூற்றுக்கு 72 பகுதி கீழ்நோக்கியதாக இருந்தது என்பது மட்டுமே. அதைச் செயலி ‘அளவுக்கு மீறி விற்கப்பட்டது’ என்று பெயரிட்டுக் காட்டும்போது நம் காதில் அது ‘மலிவு’ என்று விழுகிறது. அன்றியும், 14 நாட்களில் மொத்தம் 1 ரூபா ஏறி 40 சதம் இறங்கிய தூங்குமூஞ்சிப் பங்கொன்றுக்கும் சுட்டி அதே 71.4தான். விகிதத்தை மட்டும் பார்க்கிற கணக்குக்கு, ஓடியது எது, சற்றே அசைந்தது எது என்று பிரித்தறியத் தெரியாது.

பாடசாலையில் உந்தம் என்பது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்று படித்தோம். ஆர்.எஸ்.ஐ.யை உந்தச் சுட்டி என்று அழைத்தாலும், அதில் திணிவு என்ற ஒன்றே கிடையாது. 200 பங்குகள் மட்டும் கைமாறி விலை 1 ரூபா ஏறிய நாளும், 2 இலட்சம் பங்குகள் கைமாறி 1 ரூபா ஏறிய நாளும் அந்தக் கணக்கில் ஒரே கனத்துடன்தான் ஏறுகின்றன. எனவே வரைபடத்தின் அடியில் நிற்கும் கைமாறிய பங்குத் தொகையின் தூண்களைப் பாராமல் அந்தக் கோட்டை நான் வாசிப்பதில்லை.

உங்களுடைய இரண்டு அனுபவங்களுக்கும் காரணம், சந்தையின் நெடும்போக்கைப் பாராமல் குறும்போக்கை மட்டும் பார்த்ததே என்று நினைக்கிறேன். கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020ஆம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 6,770 புள்ளிகளில் இருந்தது. 2021 முடிவில் 12,200ஐத் தாண்டி நின்றது. பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022இன் முடிவில் 8,500 அளவுக்கு வந்துவிட்டது. 2024 முடிவில் 15,900ஐக் கடந்திருந்தது. இப்படி ஓராண்டு முழுவதும் ஏறும் சந்தையில் 70 என்ற எல்லை திரும்பத் திரும்பத் தாண்டப்படும். அங்கே 70இல் விற்றவர், ஏற்றம் வலுவாக இருக்கிறது என்ற செய்தியைக் கேட்டுவிட்டே வெளியேறியவர் ஆகிறார். ஓராண்டு முழுவதும் இறங்கும் சந்தையில் 30 திரும்பத் திரும்ப வரும். முதலாவது 30இல் வாங்கியவர் நான்காவது 30ஐக் காணும்போது கையில் காசில்லாமல் நிற்பார். ஏறும் காலத்தில் சுட்டி பெரும்பாலும் 40க்கும் 80க்கும் இடையிலும், இறங்கும் காலத்தில் 20க்கும் 60க்கும் இடையிலும் உலாவுவதைப் பழைய வரைபடங்களில் நீங்களே காணலாம். திருக்கடலூரில் வலைஞர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்: வாடைக் காலத்தில் ஒரு காலை அலை தணிந்திருப்பதைக் கண்டு கடல் அமர்ந்துவிட்டது என்று அவர் நினைப்பதில்லை; முதலில் எந்த மாதம் என்று பார்க்கிறார், பிறகுதான் அலையைப் பார்க்கிறார்.

பங்கிலே ‘எந்த மாதம்’ என்று பார்க்க எளிய வழி, விலை தன் 200 நாள் நகரும் சராசரிக்கு, அதாவது கடந்த 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளின் சராசரிக்கு, மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பார்ப்பது. மேலே நின்று, அந்தச் சராசரியும் ஏறுமுகமாக இருந்தால், 30 வரும் என்று காத்திருப்பது வீண். சுட்டி 40, 45 அளவுக்குத் தணிந்து மீளத் திரும்பும் நாளே வாங்கத் தக்க நாளாக அமைவது வழக்கம். கீழே நின்றால், 30க்குள் இறங்கும் நாளில் வாங்காதீர்கள். 30க்கு மேலே திரும்ப வந்த பின்னும், நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கைப் படித்து மனம் நிறைந்தால் மட்டும், இடவிருக்கும் பணத்தின் ஒரு பகுதியை இடுங்கள். விற்பதைப் பொறுத்தவரை, 70ஐக் கண்டு நான் விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். 2021இல் ஒரு பங்கை 71இல் விற்றுப் பெருமைப்பட்டுக்கொண்டு, ஏழு வாரம் கழித்து அதையே கூடிய விலைக்குத் திரும்ப வாங்கியவன் நான். அந்த இரண்டு பற்றுச்சீட்டுகளும் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

அப்படியானால் இந்தக் கோட்டால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எனக்கு அது பெரும்பாலும் என் அவசரத்தைத் தடுக்கவே உதவுகிறது. நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஒரு பங்கின் பெயரைச் சொல்லி இன்றே வாங்கு என்கிறபோது, அதன் ஆர்.எஸ்.ஐ. 85இல் நின்றால், அவருக்கு முன்பே பலர் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பெற்றுவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டு இரண்டு வாரம் பொறுப்பேன்.

கேள்வி: மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சுட்டி வாங்கச் சொல்லியும் விற்கச் சொல்லியும் அடையாளம் காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 2 கிடைத்தாலே போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?
– கடை உரிமையாளர், கிண்ணியா

பதில்: நூற்றுக்கு 2 கிடைத்தால் உங்களுக்கு நட்டம். கொழும்புச் சந்தையில் சாதாரண முதலீட்டாளர் ஒருவர் பங்கு வாங்கும்போது, தரகும் சந்தைக் கட்டணங்களும் அரசின் வரியும் சேர்ந்து பெறுமதியில் நூற்றுக்கு 1.12 போகிறது, விற்கும்போதும் அதே 1.12 போகிறது. 50 ரூபாவுக்கு வாங்கிய பங்கு உங்கள் கையில் 50 ரூபா 56 சதம். அதை நட்டமில்லாமல் விற்க 51 ரூபா 13 சதம் வேண்டும். ஆனால் விலை பத்துப் பத்துச் சதமாகவே நகர்வதால் உண்மையில் 51 ரூபா 20 சதம் வந்தாக வேண்டும். அதுவரை உழைத்தது உங்களுக்காக அல்ல. 1 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு எட்டுத் தடவை இப்படிச் சுழற்றினால் ஏறத்தாழ 18,000 ரூபா கட்டணமாகவே போய்விடும். கடை வாடகையைப் போல, இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது போகும். இதற்கு மேல், வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளி வேறு. கேள்வி குறைந்த பங்குகளில் அந்த இடைவெளி கட்டணத்தையும் மிஞ்சிவிடும்.

கட்டணமே இல்லாத அல்லது மிகக் குறைந்த சந்தைகளில் எழுதப்பட்ட யோசனைகளை யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே கையாளுவதால் வரும் வினை இது. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, நாள் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு வார வரைபடத்தில் அதே 14ஐப் பாருங்கள் என்பதே. அடையாளங்கள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். கடையைப் பார்க்க நேரமும் மிஞ்சும்.

கேள்வி: சில சதங்களுக்கு விற்கும் பங்கொன்றின் ஆர்.எஸ்.ஐ. 15இல் நிற்கிறது. இதைவிட இறங்க இடமில்லை அல்லவா?
– வாசகர், மூதூர்

பதில்: இருக்கிறது. 40 சதத்தில் நிற்கும் பங்கு ஒரு படி இறங்கினால் 30 சதம். அது நூற்றுக்கு 25 வீழ்ச்சி. மறுநாள் ஒரு படி ஏறினால் நூற்றுக்கு 33 ஏற்றம். இடையிலே விலை என்று ஒன்றுமில்லாத இத்தகைய பங்குக்குச் சுட்டி காட்டும் எண், மாடிப்படியில் ஏறி இறங்கும் ஒருவரின் வேகத்தை அளப்பது போன்றது. பல நாட்கள் கைமாற்றமே நடக்காத பங்குகளிலும் இதுதான் நிலை: அசைவே இல்லாத நாட்கள் பூச்சியங்களாகச் சேர, எப்போதோ நடந்த ஒரேயொரு சிறு விற்பனை சுட்டியை முழுவதுமாக ஆட்டிவைக்கும். அந்தப் பங்கை வாங்கும் எண்ணம் இருந்தால் ஆர்.எஸ்.ஐ.யைப் பாராதீர்கள், அந்த நிறுவனம் ஏன் சில சதங்களுக்கு வந்தது என்று பாருங்கள்.

கேள்வி: நாம் நாள்தோறும் பார்க்கும் சீமெந்து ஆலையான டோக்கியோ சீமெந்தின் பங்கு, வாக்குரிமை உள்ளது, வாக்குரிமை அற்றது என இரண்டு வகையாகக் கைமாறுகிறது. ஒரே நாளில் இரண்டின் ஆர்.எஸ்.ஐ.யும் வேறு வேறாக இருக்கின்றன. எதை நம்புவது?
– வாசகி, சீனன்குடா

பதில்: அம்மா, இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிகவும் கூர்மையானது உங்களுடையது, அதன் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல் ஒன்று, அரைக்கும் ஆலை ஒன்று, இலாபநட்டக் கணக்கும் ஒன்று. இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தும் உரிமை மட்டுமே. அப்படியிருந்தும் ஒன்று 66, மற்றது 54 என்று காட்டுமானால், அந்த எண் ஆலையைப் பற்றியது அல்ல என்பதும், அந்த இரண்டு வரிசைகளிலும் அண்மையில் வாங்கவும் விற்கவும் வந்து நின்றவர்களின் அவசரத்தைப் பற்றியது என்பதும் தெளிவாகிறது. இரண்டையும் நம்பலாம், இரண்டும் வேறு வேறு கூட்டத்தைப் பற்றிச் சொல்வதால். நீண்ட காலம் வைத்திருக்க வாங்குவதாயின், இரண்டு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது இந்த இரண்டு கோடுகளையும்விட உங்களுக்கு உதவும்.

கேள்வி: ஏறிய பங்குகள் தொடர்ந்தும் ஏறும் என்று ஆய்வாளர்கள் நிறுவியிருப்பதாக விரிவுரையில் கேட்டேன். ஆர்.எஸ்.ஐ.யோ ஏறியதை விற்கச் சொல்கிறது. இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக முடியும்?
– முகாமைத்துவ மாணவர், திருகோணமலை வளாகம்

பதில்: கால அளவு வேறு என்பதே விடை. நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 1965 முதல் 1989 வரையான அமெரிக்கப் பங்குகளை எடுத்து, முந்தைய 3 முதல் 12 மாதங்களில் கூடுதலாக ஏறியவற்றை வாங்கி, கூடுதலாக இறங்கியவற்றை விற்றால், அடுத்த 3 முதல் 12 மாதங்களில் இலாபம் கிடைத்திருக்கும் என்று காட்டினார்கள். ஆறு மாதம் பார்த்து ஆறு மாதம் வைத்திருக்கும் முறையில் அது மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 1. அதற்கு முன்பே 1985இல் டி பொன்ட், தேலர் ஆகிய இருவரும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பார்த்தால் நிலைமை தலைகீழாகி, மிகவும் தோற்ற பங்குகளே பின்னர் முந்துகின்றன என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள்ளான அசைவுகளிலும் திரும்பிவரும் தன்மையே காணப்படுகிறது. ஆக, சில வாரங்களில் திரும்பும், சில மாதங்களில் தொடரும், சில ஆண்டுகளில் மீண்டும் திரும்பும். ஆர்.எஸ்.ஐ.யின் 14 நாட்கள் முதலாவது வகைக்குள் அடங்குகின்றன.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வாளர்கள் ஒரு பங்கை எடுத்து அதன் கோட்டைப் பார்க்கவில்லை. சந்தையின் பங்குகள் அனைத்தையும் வரிசைப்படுத்தி, மேலே நின்ற பத்திலொரு பகுதியை மொத்தமாக வாங்கி, கீழே நின்ற பத்திலொரு பகுதியை மொத்தமாக விற்றதாகக் கணக்கிட்டார்கள். கையில் இல்லாத பங்கை விற்பது நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளருக்கு இங்கே நடைமுறையில் கைகூடாத காரியம். அந்த முறையும் எப்போதும் இனித்ததில்லை: 2009இல் அமெரிக்கச் சந்தை அடிமட்டத்திலிருந்து மீண்டபோது, மிகவும் விழுந்திருந்த பங்குகளே மிகவும் துள்ளி எழுந்தமையால், அவற்றை விற்றிருந்தவர்கள் சில மாதங்களில் பெருநட்டம் கண்டார்கள்.

நீங்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவதாயின், சந்தை மூடப்பட்ட நாட்களை இந்தச் சுட்டிகள் எவ்வாறு விழுங்குகின்றன என்று பார்க்கலாம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடப்பட்ட கொழும்புச் சந்தை மே 11ஆம் திகதிதான் திறந்தது. திறந்த அன்றே சரிவின் வேகத்தால் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு வாரமும் சந்தை மூடப்பட்டது. வரைபடத்தில் மார்ச்சின் கடைசி வர்த்தக நாளும் மே 11உம் அடுத்தடுத்த இரண்டு நாட்களாகவே நிற்கின்றன. இடையில் ஏழு வாரம் விற்க வழியில்லாமல் இருந்தவரின் நிலை அந்தக் கோட்டில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

கேள்வி: விலை புதிய உச்சத்துக்குப் போகிறது, ஆர்.எஸ்.ஐ. முந்தைய உச்சத்தைத் தொடவில்லை. இது சரிவுக்கு முன்னறிவிப்பு என்கிறார்கள்.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: முன்பைவிட மெதுவாக ஏறுகிறது என்பதற்கு அறிவிப்பு. கந்தளாயிலிருந்து வரும் பஸ் அமர்முடுகும்போதும் திருகோணமலையை நோக்கித்தான் வருகிறது. நிற்கப் போகிறதா, வளைவுக்காக வேகத்தைக் குறைக்கிறதா என்பது அமர்முடுகலை மட்டும் வைத்துத் தெரியாது. வைல்டரே இத்தகைய முரணைப் பெரிதாக மதித்தவர்தான். ஆனால் வலுவான ஏற்றங்களில் இந்த முரண் மூன்று, நான்கு தடவை தோன்றிப் பொய்த்த பிறகே மெய்யாவதை நான் பல வரைபடங்களில் பார்த்திருக்கிறேன். விலையும் முந்தைய தாழ்வுப் புள்ளியை உடைத்துக் கீழே வந்தால் மட்டுமே அதை விற்பனைக்கான காரணமாகக் கொள்ளுவேன்.

கேள்வி: ஆர்.எஸ்.ஐ., எம்.ஏ.சி.டி., ஸ்டோகாஸ்டிக் ஆகிய மூன்றும் ஒரே நாளில் வாங்கச் சொன்னால் துணிந்து வாங்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: எம்.ஏ.சி.டி.யும் ஸ்டோகாஸ்டிக்கும் ஆர்.எஸ்.ஐ.யைப் போலவே விலையின் அசைவை அளக்கும் சுட்டிகள். மூன்றும் ஒரே விலைத் தரவிலிருந்து பிறந்தவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் ஒரே சாட்சியம் சொன்னால் நீதிமன்றம் அதை மூன்று சாட்சியங்களாக எடுத்துக்கொள்ளாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டின் இடத்தில் கைமாறிய பங்குத் தொகையையும் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையையும் வையுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள பங்கின் விலை நேற்று ஒரே இரவில் பாதியாகிவிட்டது. ஆர்.எஸ்.ஐ. 10க்கும் கீழே போய்விட்டது. தரகரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. உடனே விற்பதா, இன்னும் வாங்குவதா?
– வாசகி, பெரியகடை

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் உங்கள் பங்குகள் பதிவாகியிருக்கும் மத்திய வைப்பகக் கணக்கில் அவற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது இரட்டித்திருந்தால் நடந்தது பங்குப் பிரிப்பு, அதாவது ஒவ்வொரு பங்கும் இரண்டாக்கப்பட்டிருக்கிறது; உங்கள் சொத்தில் ஒரு சதமும் குறையவில்லை. சில செயலிகள் பழைய விலைகளைத் திருத்தாமலே வரைபடத்தை நீட்டிவிடுவதால், சுட்டிக்கு அது பெரும் வீழ்ச்சியாகத் தெரிகிறது. பெரிய பங்கிலாபம் ஒன்றுக்கான உரித்து நீங்கும் நாளிலும் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்தப் பங்கிலாபம் கிடையாது), இருக்கும் பங்குதாரர்களுக்குப் புதிய பங்குகளைக் குறைந்த விலையில் கொடுக்கும் உரிமைப் பங்கு வழங்கலின் போதும் இதே மயக்கம் சிறிய அளவில் நேரும். எண்ணிக்கை மாறாமல் இருந்தால், பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் நிறுவனங்களின் அறிவித்தல்கள் வெளியாகும் பக்கத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடி, இந்த வாரத்துக்குரியதை வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பிரிப்பாக இருக்குமாயின், அடுத்த 14 வர்த்தக நாட்களுக்கு மட்டுமன்றி அதற்குப் பின்னும் சில வாரங்களுக்கு அந்தச் செயலியில் அந்தப் பங்கின் ஆர்.எஸ்.ஐ.யைப் பார்க்க வேண்டாம். சராசரிக்குள் புகுந்த அந்தப் பொய்யான வீழ்ச்சி நாளுக்கு நாள் பதினான்கில் ஒரு பகுதியாகவே கரையும்.